தரவு இருக்கிறது, வரைபடமும் இருக்கிறது. திட்டம் ஏன் தப்பாகிறது? மாவட்டக் காலநிலைத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரியைவிட இது அதிகம். இந்திய வானிலைத் துறை வெளியிடும் கட்ட வடிவ மழைத் தரவில் அந்த நாளைத் தேடினால் இவ்வளவு பெரிய எண் கிடைக்காது. அதில் ஒரு கட்டம் 0.25 பாகை, அதாவது சுமார் 27 கி.மீ. நீளம், 27 கி.மீ. அகலம். ஏறக்குறைய 750 சதுர கி.மீ. பரப்புக்கு, அக்கம்பக்கத்து மழைமானிகளின் அளவையெல்லாம் கலந்து ஒரே எண்ணைத் தருகிறார்கள். உச்சம் மழுங்கிப் போகிறது. வறட்சியைக் கணக்கிடவும் நூறாண்டுப் போக்கைப் பார்க்கவும் இது அருமையான தரவு. மழைநீர் வடிகாலின் அகலத்தையோ சிறுபாலத்தின் கண்களையோ முடிவுசெய்ய இதை எடுத்தால், கட்டுவது சின்னதாகத்தான் வரும். அந்த வேலைக்குப் பக்கத்து மழைமானியில் குறைந்தது 30 ஆண்டுகளின் உச்ச மழையும், தானியங்கி மானியின் மணிக்கணக்கு அளவும் வேண்டும். 10 செ.மீ. மழை இரண்டு மணி நேரத்தில் கொட்டுவதும் நாள் முழுக்கத் தூறுவதும் வடிகாலுக்கு ஒன்றல்ல.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. நம் மழைமானியின் நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது, முடியும் நாளின் தேதியில்தான் பதிவு. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தை மூழ்கடித்த 49 செ.மீ. மழை, பதிவேட்டில் டிசம்பர் 2 என்று நிற்கும். செயற்கைக்கோள் மழைத் தரவின் நாளோ உலக நேரப்படி நள்ளிரவில், நமக்குக் காலை 5.30க்கு, தொடங்குகிறது. இரண்டையும் எக்செலில் தேதியை வைத்து ஒட்டினால் பொருந்தாது. உடனே “செயற்கைக்கோள் சரியில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். நாசாவின் செயற்கைக்கோள் மழைத் தரவான ஐமெர்க் அரைமணிக்கொரு முறை கிடைக்கிறது. அதை உலக நேரம் 3 மணி முதல் மறுநாள் 3 மணி வரை கூட்டிக்கொண்டால் நம் 8.30 கணக்கோடு சேர்ந்துவிடும்.

வெள்ள வரைபடமா, சம்பா நடவு வரைபடமா?

அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடியிருப்பதால் சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளால் பயனில்லை. மேகத்தை ஊடுருவும் ரேடார்தான் வழி. ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் இலவசம். தேங்கிய நீரின் பரப்பு வழவழப்பானது, ரேடார் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஒரு வரம்பு எண்ணை வைத்து அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் “வெள்ளம்” என்று நீல வண்ணம் பூசிவிடுவது வழக்கமாகிவிட்டது.

அக்டோபர், நவம்பரில் தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் சம்பாவுக்காக விவசாயியே தண்ணீர் கட்டி வைத்திருப்பார். அதுவும் கறுப்புதான். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களும் கறுப்பு. ஏரி, கண்மாய் நிரம்பியிருந்தால் அதுவும் கறுப்பு. அது வெள்ளமல்ல, நாம் வேண்டிக் காத்திருந்த நீர். இப்படி வந்த பரப்பை நிவாரணக் கணக்கில் சேர்த்தால் பாதிக்கப்படாத ஊருக்குப் பணம் போகும்.

நகரத்தில் பிழை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. தெருவில் தேங்கிய நீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதி ரேடாருக்கே திரும்புவதால் அந்த இடம் கறுப்பதற்குப் பதில் பளிச்சென்று தெரியும். வேளச்சேரியில் இடுப்பளவு நீர் நின்றாலும் வரைபடம் அதைக் காய்ந்த நிலம் என்று காட்டக்கூடும். போதாததற்கு, ஒரே செயற்கைக்கோள் அதே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும். நீர் ஏறி வடிந்த பிறகு எடுத்த படத்தை வைத்து “வெள்ளம் வரவில்லை” என்று சொல்ல முடியாது. “அப்போது பார்க்கவில்லை” என்றுதான் சொல்லலாம்.

சரியாகச் செய்ய, அதே பாதை, அதே பார்வைக் கோணத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிட வேண்டும். முந்தைய படம் ஒன்று போதாது. முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளின் அதே வாரப் படங்களை எடுத்துக்கொண்டால் சம்பா வயல் தானாகப் பிரிந்துவிடும். சந்தேகம் உள்ள புல எண்ணுக்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் பார்த்தால் என்ன பயிர் என்று தெரியும். நகரத்துக்கு ரேடாரை நம்பாமல் சுவரில் படிந்த நீர்க்கறையின் உயரம், சுரங்கப்பாதை மூடிய நேரம், மாநகராட்சிக்கு வந்த புகார் அழைப்புகள் ஆகியவற்றைத் தொகுப்பதே மேல். அழகான வரைபடமாக வராது, ஆனால் உண்மையாக இருக்கும்.

வெப்ப வரைபடம் காட்டுவது காற்றின் வெப்பத்தை அல்ல

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் தருவது தரையின், கூரையின் வெப்பம். மனிதன் உணர்வது காற்றின் வெப்பம், ஈரப்பதம், இரவின் புழுக்கம். லேண்ட்சாட் நம் தலைக்கு மேல் வருவது காலை 10 மணியை ஒட்டி. அந்நேரத்தில் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல் நகரத்தைவிடச் சூடாக இருக்கும். ஏப்ரல் படத்தைப் பார்த்து “நகரம் குளிர்ச்சி” என்று யாராவது முடிவுக்கு வந்தால் படம் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விதான் தவறு. இன்னொன்று: பளபளக்கும் தகரக் கூரை வெப்பக் கதிரைக் குறைவாக உமிழ்வதால் செயற்கைக்கோளுக்கு அது இருப்பதைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். நகரிலேயே அதிகம் வெந்து கிடக்கும் குடிசைப்பகுதி வரைபடத்தில் பாதுகாப்பான நிறத்தில் வந்து நிற்பது இதனால்தான். கோப்பு 30 மீட்டர் கட்டமாக வந்தாலும் வெப்பத்தை அளந்த கருவியின் நுணுக்கம் 100 மீட்டர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவாரியாக முடிவெடுக்க அது போதாது.

வார்டு அளவில் திட்டமிட, நிழல்கூடு போட்ட வெப்ப, ஈரப்பத மானிகளை ஆள் உயரத்தில் பொருத்தி, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவெடுப்பது நல்லது. வெப்ப அலைக்கான வரம்பும் ஊருக்கு ஊர் வேறு. வானிலைத் துறை சமவெளிக்கு 40 டிகிரியும் கடலோரத்துக்கு 37 டிகிரியும் வைத்திருக்கிறது. அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். வேலூருக்குப் போட்ட எச்சரிக்கை அட்டவணையைக் கடலூருக்கு நகலெடுக்கக் கூடாது.

எல்லை மாறினால் எண்ணும் மாறும்

2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. 2019இல் பிரிந்த தென்காசி, ராணிப்பேட்டை போன்றவற்றுக்கு ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் தனி எண் கிடையாது. அது 2017 மார்ச் நிலவரப்படியான மாவட்டங்களை வைத்து நடந்தது. தாய் மாவட்டத்தின் விகிதத்தை எடுத்துக் குழந்தை மாவட்டத்துக்கு ஒட்டுவது பரவலாக நடக்கிறது. செய்தே ஆக வேண்டுமென்றால் அட்டவணையிலேயே அப்படிச் செய்ததாக எழுதிவையுங்கள்.

சென்னையில் பிழை இன்னும் எளிதாக நடக்கும். மாநகராட்சி 2011இல் 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 46.46 லட்சம் பேர் என்ற எண் பழைய எல்லைக்கு உரியது. அதை 426ஆல் வகுத்தால் அடர்த்தி 11 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். பழைய எல்லைக்குள் அது 26 ஆயிரத்துக்கும் மேல். பூங்கா, குடிநீர், வெப்பப் புகலிடம் என்று தலைக்கணக்கில் போடும் எல்லாத் திட்டமும் அங்கேயே சறுக்கும்.

நிதி ஆயோக்கின் நிலைத்த வளர்ச்சிக் குறியீட்டில் தமிழ்நாடு 2018இல் 66, 2019-20இல் 67, 2020-21இல் 74, 2023-24இல் 78. நேர்கோட்டில் ஏறுவதுபோல் இருக்கும். முதல் பதிப்பில் 62 அளவுகோல்கள், அடுத்ததில் 100, பிறகு 115, கடைசியாக 113. காலநிலைக்கான 13ஆம் இலக்கே முதல் பதிப்பில் கிடையாது. ஏற்றத்தில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு அளவுகோல் மாற்றம் என்று பிரிக்காமல் வரைகோடு போடாதீர்கள். எல்லாப் பதிப்பிலும் மாறாமல் வரும் அளவுகோல்களை மட்டும் எடுத்து ஒப்பிடலாம்.

கடல்மட்ட வரைபடங்களுக்கு ஒரு வரி போதும்: இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் பார்த்தது, அது பார்த்தது மொட்டைமாடியையும் மரத்தின் தலையையும். கடலோரத்தில் சராசரியாக 2 மீட்டர் உயர்த்திக் காட்டும் தரவின்மேல் அரை மீட்டர் கடல்மட்ட உயர்வைக் கோடு போடுவதில் பொருளில்லை.

உமிழ்வுக் கணக்கில் நடப்பது பெரும்பாலும் கவனக்குறைவு. ஆண்டுக்கு 10 கோடி யூனிட் செலவிடும் ஓர் ஊர், ஒருமுறை யூனிட்டுக்கு 0.82 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற பழைய உமிழ்வுக் காரணியையும் அடுத்தமுறை 0.72 என்ற புதியதையும் போட்டால், ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் 10,000 டன் குறைந்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் எந்தப் பதிப்பு என்று எழுதி, புதிய காரணி வந்தால் ஊரின் முயற்சியால் குறைந்ததையும் மின்கட்டமைப்பால் குறைந்ததையும் தனித்தனியே காட்டுங்கள். மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட எத்தனை மடங்கு சூடேற்றும் என்பதற்கு 21, 25, 28 என்று அறிக்கைக்கு அறிக்கை எண் மாறிவந்திருக்கிறது. பாரிஸ் உடன்படிக்கை அறிக்கைகளுக்கு 28. மாடும் நெல்லும் உள்ள மாவட்டத்தில் இந்த ஒரு எண் முழு முடிவையே புரட்டும்.

வெப்பநிலைக் கணிப்பிலும் இதே கதைதான். “2 டிகிரி கூடும்” என்றால் எதிலிருந்து? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கையில் 1995–2014 சராசரியே, தொழில்மயத்துக்கு முந்தைய நிலையாகக் கொள்ளும் 1850–1900ஐவிட 0.85 டிகிரி அதிகம். இரு அடிப்படைகளையும் கலந்தால் அந்த 0.85 இரண்டு முறை சேரும், அல்லது காணாமல் போகும்.

பசுமைப் பரப்புக்கு வந்தால், இந்திய வனஅளவை நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு ஹெக்டேரில் 10 சதவீதத்துக்கு மேல் மரநிழல் இருந்தால் காடு. என்ன மரம் என்பது பொருட்டில்லை. ராமநாதபுரத்தில் கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேலமும் பச்சைதான். அதை அகற்றித் தூர்வாரிய ஆண்டில் வரைபடம் “இழப்பு” என்று சிவப்பில் காட்டும். கருவேலம், தென்னந்தோப்பு, தைலமரத் தோட்டம், இயற்கைக் காடு என்று வகை பிரித்து, வகைக்கு 50 புள்ளிகளாவது நேரில் போய்ச் சரிபார்த்து, எத்தனை தப்பாக இருந்தன என்பதை வரைபடத்தின் மூலையிலேயே அச்சிட வேண்டும்.