சைக்கிள் சீட் வாங்கும்போது கட்டைவிரலை நம்பாதீங்க

எங்க ஆபீஸ்ல புதுசா மூணு பேர் சைக்கிள்ல வர ஆரம்பிச்சிருக்காங்க. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டாவது வாரமே அதுல ஒரு பையன் வந்து "அக்கா, சீட் வலி தாங்க முடியல, இதை ஆர்டர் பண்ணிடட்டுமா"ன்னு போன்ல ஒரு படத்தை காட்டினான். நல்லா தலைகாணி மாதிரி உப்பின ஜெல் சீட். பார்த்ததும் எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணை வாங்கி ஒன்பது மாசம் அவஸ்தைப்பட்டவ நான். அதனாலதான் இதை எழுதறேன். சீட் நட்டை டைட் பண்ணுங்க, கிழிஞ்ச சீட்டை மாத்துங்கங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

மெத்துன்னு இருந்தா சொகுசுன்னு நினைக்கறது

கடைக்குப் போறோம், கட்டைவிரலால சீட்டை அமுக்கிப் பார்க்கறோம், எது ரொம்ப உள்ள போகுதோ அதுதான் நல்ல சீட்னு முடிவு பண்ணிடறோம். எல்லாரும் பண்றது இதுதான். சோபா வாங்க இது சரியான வழி. சைக்கிள் சீட்டுக்கு இல்ல.

சைக்கிள்ல உக்காரும்போது நம்ம எடையைத் தாங்க வேண்டியது இடுப்பெலும்போட அடியில இருக்கற ரெண்டு முனைகள். சிட் போன்னு சொல்லுவாங்க. கெட்டியான தரையில சம்மணம் போட்டு உக்காந்தா குத்துமே, அதே எலும்புதான். எடை தாங்கறதுக்குன்னே அமைஞ்ச இடம் அது. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது மென்மையான சதை, நரம்பு, ரத்தக்குழாய், அதுக்கு எடை தாங்கற வேலையே கிடையாது. இப்போ ரொம்ப சாஃப்டான சீட்ல உக்காந்தா என்ன ஆகும், எலும்பு ரெண்டும் உள்ள புதைஞ்சு போகும், நடுவுல இருக்கற ஜெல் மேல எழும்பி நேரா அந்த மென்மையான இடத்துல போய் அழுத்தும். ஈர மண்ணுல ரெண்டு குதிகாலையும் ஊன்றினா நடுவுல மண்ணு பிதுங்கி வரும்ல, அதேதான். எந்த இடத்துல அழுத்தமே இருக்கக் கூடாதோ அங்கயே அழுத்தம் கூடுது. அப்புறம் சோபால நாம காலை ஆட்டறதில்ல, ஆனா நிமிஷத்துக்கு 70 தடவை பெடல் சுத்தினாக்கூட அரை மணி நேரத்துல 2100 சுத்து ஆகுது, ஒவ்வொரு சுத்துக்கும் தொடை அந்த உப்பின ஓரத்துல உரசிக்கிட்டே போகுது.

எனக்கு நடந்தது இது. வீட்டுல இருந்து ஆபீஸ் 11 கி.மீ., எப்படியும் நாப்பது நிமிஷம். சைக்கிளோட வந்த சீட் முதல் வாரமே குத்துச்சு. உடனே இருக்கறதுலயே குண்டான ஜெல் சீட்டா பார்த்து வாங்கிட்டேன். முதல் மூணு நாள் சொர்க்கம். அடுத்த வாரத்துல இருந்து சரியா இருபதாவது நிமிஷம் மரத்துப் போக ஆரம்பிச்சுது. நான் என்ன நினைச்சேன்னா, இதுவும் போதுமான அளவு சாஃப்டா இல்ல போலன்னு. அதுக்கு மேல ஒரு ஜெல் கவர் போட்டேன், அது ஒவ்வொரு மிதிக்கும் இப்படியும் அப்படியும் நகர்ந்து தொடை இடுக்குல புண்ணு வந்து, நாலு வாரம் சைக்கிளைத் தொடவே இல்ல. என் உடம்புக்கு சைக்கிள் ஒத்துக்காதுன்னே முடிவு பண்ணிட்டேன். இப்ப நினைச்சாலும் கோவம் வர்றது அதுக்குத்தான். காசு போனது கூட பரவாயில்ல, தப்பு சீட்டுல இருக்கும்போது உடம்பு மேல பழி போட்டு கிட்டத்தட்ட விட்டே போயிருப்பேன், சீட் வித்தவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல.

கடைசில பிரேக் சரி பண்ணப் போன இடத்துல வயசான மெக்கானிக் ஒருத்தர்தான் கேட்டார், "ஏம்மா, சீட்டுக்கு மேல எதுக்கு இன்னொரு சீட்டு? உன் எலும்பு எங்க உக்காருதுன்னு என்னைக்காவது பாத்தியா?"ன்னு. பாத்ததே இல்ல. அவரே ஒரு அட்டையை எடுத்து ஸ்டூல் மேல போட்டு உக்காரச் சொன்னார். அளந்தா 128 மி.மீ. நான் நிமிர்ந்து ஓட்டறவ, எனக்கு 155 பக்கம் அகலம் வேணும். சைக்கிளோட வந்த சீட் 130தான், அதாவது என் எலும்பு ரெண்டும் ஓரத்துல தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தேவைப்பட்டது கூடுதல் அகலம், நான் தேடினதோ கூடுதல் சாஃப்ட்.

இதை நீங்களே வீட்டுல பண்ணிடலாம். உள்ள அலை அலையா இருக்கற பார்சல் பெட்டி அட்டை ஒரு துண்டு, கெட்டியான ஸ்டூல் இல்லன்னா மாடிப்படி. மெல்லிசான துணியோட உக்காருங்க, பாதத்தை எது மேலயாவது வெச்சு முட்டியை இடுப்பை விட கொஞ்சம் உயர்த்திக்கோங்க, சைக்கிள்ல எவ்வளவு சாய்வீங்களோ அவ்வளவு முன்னாடி சாஞ்சு ஒரு நிமிஷம் இருங்க. எழுந்து பார்த்தா ரெண்டு பள்ளம் தெரியும், கையால தடவினா இன்னும் நல்லா தெரியும். ஒரு பள்ளத்தோட நடுவுல இருந்து இன்னொண்ணோட நடு வரைக்கும் அளங்க. பெரும்பாலும் 100ல இருந்து 150 மி.மீ.க்குள்ள வரும். ஹேண்டில்பார் தாழ்வா இருந்து நல்லா குனிஞ்சு ஓட்டறவங்கன்னா அதோட ஒரு 15 மி.மீ. சேர்த்தா போதும், நிமிர்ந்து உக்காந்து ஓட்டறவங்க 25, 30 சேர்த்துக்கோங்க. சீட் மேல போட்டிருக்கற அகலம் ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் உள்ள அளவு, அதனாலதான் இப்படி சேர்க்கறது. மி.மீ. சுத்தமா வரணும்னு இல்ல, எங்க இருந்து தேட ஆரம்பிக்கறதுன்னு தெரிஞ்சா போதும்.

அகலம் கிடைச்ச அப்புறம் கட்டைவிரலால அமுக்குங்க. கொஞ்சம் அமுங்கி நிக்கணும். விரல் புதைஞ்சுதுன்னா அந்த சீட்டை கீழ வெச்சிடுங்க.

உடம்பு சைஸைப் பார்த்து அகலம் முடிவு பண்றது

ஒல்லியா இருக்கறவங்களுக்கு எலும்பு தள்ளி இருக்கலாம், குண்டா இருக்கறவங்களுக்கு பக்கத்துல இருக்கலாம். அளங்க.

சீட் மேல கவர்

வேண்டாம்.

உயரமும் சாய்வும் பார்க்காம சீட்டை மாத்தறது

பாதி வலி சீட்டால வர்றதே இல்ல, சீட்டை மாட்டியிருக்கற விதத்தால வருது. உக்காந்து குதிகாலை பெடல்ல வெச்சு கீழ இறக்கினா கால் நேரா நீளணும், அப்புறம் முன்பாதத்தால மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கும், தினமும் ஆபீஸ் போய் வர்றதுக்கு இந்த அளவே சரியா இருக்கும். உயரம் அதிகமானா பெடல் எட்டாம இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும், எவ்வளவு நல்ல சீட்டா இருந்தாலும் உரசத்தான் செய்யும். சாய்வு, முதல்ல மட்டமா வைங்க. சீட்டோட முன் முனை, மூக்குன்னு சொல்லுவாங்க, அது தூக்கினா நடுவுல அழுத்தும். ரொம்ப கீழ இறக்கினா முன்னாடி வழுக்கிக்கிட்டே இருப்பீங்க, கையை ஊன்றி ஊன்றி மணிக்கட்டு வலிக்கும். ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு மேல மாத்த வேண்டி வந்தா வேற ஏதோ சரியில்லன்னு அர்த்தம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம், ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு அடுத்தது. எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாது.

மரத்துப் போறதை சகிச்சுக்கறது

புது சீட்ல எலும்பு இருக்கற இடத்துல லேசா வலிக்கறது சகஜம், ஒண்ணு ரெண்டு வாரத்துல பழகிடும். மரத்துப் போறது வேற. அது பழக வேண்டிய விஷயமே இல்ல, நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்குதுன்னு உடம்பு சொல்றது அது. அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயற நியோஷ் நிறுவனம், சைக்கிள்ல ரோந்து போற ஆண் போலீஸ்காரங்க 90 பேரை மூக்கில்லாத சீட்ல 6 மாசம் ஓட்ட வெச்சு 2008ல முடிவை வெளியிட்டாங்க. மரத்துப் போகவே இல்லைன்னு சொன்னவங்க முன்னாடி 27 சதவீதம், 6 மாசம் கழிச்சு 82 சதவீதம். எல்லாரும் மூக்கில்லாத சீட்டுக்குப் போகணும்னு சொல்லல, திருப்பும்போது சைக்கிளை அடக்க மூக்கு உதவும், அது இல்லாம பழக நாளாகும். ஆனா அழுத்தத்தை எடுத்தா மரத்துப் போறது குறையுதுங்கறது இதுல தெளிவா தெரியுது. நடுவுல பள்ளம் வெட்டின சீட் நிறைய பேருக்கு உதவுது, சிலருக்கு அந்த வெட்டோட விளிம்பே குத்தும், அதனால ஓட்டிப் பார்த்துட்டு வாங்குங்க. இறங்கின அப்புறமும் மரமரப்பு போகலன்னா டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க.

தடிமனான தையல் உள்ள பேன்ட்

சீட்டை குறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு நாள் வேற பேன்ட் போட்டு ஓட்டிப் பாருங்க.

தோல் சீட்டை நனைய விடறது

ப்ரூக்ஸ் பி17 மாதிரி தோல் சீட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், 175 மி.மீ. அகலம், ஃபோமே கிடையாது, தோலை இழுத்துக் கட்டியிருப்பாங்க, ஓட்ட ஓட்ட நம்ம எலும்புக்கு ஏத்த மாதிரி பள்ளம் விழும். ஆனா நல்லா நனைஞ்சு ஊறின தோல் மேல உக்காந்து ஓட்டினா அது நீண்டு தொங்கிடும். வெளியில நிறுத்தற வண்டின்னா மழைக் கவர் கட்டாயம். அதுக்கு பொறுமை இல்லாதவங்க சாதாரண சீட்டே வாங்கிக்கலாம்.

அடியில பார்க்காம வாங்கறது

சீட்டுக்கு அடியில இருக்கற கம்பிகள், ரெயில்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் 7 மி.மீ. உருண்டை. கார்பன் ரெயில் பல சமயம் முட்டை வடிவுல இருக்கும், ரெயிலைப் பிடிச்சு இறுக்கற கிளாம்ப் எல்லாத்துலயும் அது உக்காராது. ரெயில்ல கோடு போட்டிருந்தா கிளாம்ப் அதுக்குள்ளதான் பிடிக்கணும். பழைய மாடல் சைக்கிள்ல சீட்டைத் தாங்கற கம்பம், அதாவது சீட்போஸ்ட், வெறும் குழாயா இருக்கும், அங்க கிளாம்ப் தனியா வேணும்.

அந்தப் பையனுக்கு அளந்து பார்த்தோம், 112 மி.மீ. வந்துச்சு. அவன் சீட்டோட அகலம் சரியாத்தான் இருந்துச்சு, மூக்கு மட்டும் நல்லா தூக்கிக்கிட்டு இருந்துச்சு. அலன் கீயால மட்டமாக்கி விட்டேன். ஆர்டரை கேன்சல் பண்ணிட்டான், நேத்து கேட்டப்போ இடது பக்கம் லேசா உரசுதுன்னு சொன்னான், உயரத்தை நாளைக்குப் பார்க்கணும்.