கதிரையா, சேரா? திருகோணமலைக்குப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு

திருகோணமலைக்கு வந்து மூன்றாவது மாதம், மகனின் வகுப்பு ரீச்சர் கூப்பிட்டு, "பிள்ளை கதைக்கிறதே இல்லை, ஒருக்கா டொக்டரிட்ட காட்டுங்கோ" என்றார். எனக்குத் தலை சுற்றியது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த பிள்ளை, ஏழு வயது, வீட்டில் வாய் ஓயாது. பிறகு விசாரித்தால், "கதிரையை இழுத்துப் போட்டு இரு" என்றபோது முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனுக்கு அது சேர். சவர்க்காரம் என்றால் சோப்பு என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் திரும்பி வரும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், அளவுதான் கூட. அதனால் பிள்ளையின் பேச்சுக்கோ மனநிலைக்கோ டொக்டரைத் தேட முன்பு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: இந்தச் சிக்கல் ஊர் மாறிய பிறகு வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா? ஏதாவது ஒரு மொழியில் பிள்ளை வயதுக்கு ஏற்றபடி கதைக்கிறது என்றால், புதுப் பள்ளியில் கொஞ்ச நாள் மௌனமாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். முன்பிருந்த மொழியை வீட்டில் நிறுத்தவும் வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு பின்தங்குவதில்லை; நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், சிரித்துவிட்டு விடுங்கள்.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. கதைத்துக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை மறப்பது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாதது. பெரிய பிள்ளை என்றால், மீண்டும் படுக்கையில் சிறுநீர் போவது, இரவில் அலறி எழும்புவது, தன்னைத்தானே காயப்படுத்துவது. இவற்றுக்கு "ஊர் பழகினால் சரியாகிவிடும்" என்ற பதில் பொருந்தாது.

எங்கே தொடங்குவது? கொழும்புக்கு ஓட வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைப் பிடியுங்கள். மிட்வைஃப் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். இங்கே பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஒன்று உண்டு, தடுப்பூசியும் நிறையும் வளர்ச்சிப் படிகளும் அதில்தான். உங்களிடம் அது இருக்காது. முகாமில் தந்த தடுப்பூசி அட்டையோ வெளிநாட்டுக் கிளினிக் கடிதமோ கிழிந்திருந்தாலும் கொண்டு போங்கள். அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, தேவையானால் அங்கே பரிந்துரைத் துண்டு வாங்கிக்கொண்டு நகரத்து மாவட்டப் பொது வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள், நேரம்தான் போகும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தமான எதற்கும் 1929, உளநலம் பற்றிக் கதைக்க 1926. இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள்.

வைத்தியசாலைக்குப் போய் முதலில் கேட்க வேண்டியது காதுப் பரிசோதனை. அதற்கு முன்பே யாராவது ஓட்டிசம், கவனக்குறைவு என்று பேர் வைத்தால் சந்தேகப்படுங்கள். காது மந்தமான பிள்ளையும் பேர் சொன்னால் திரும்பாது.

மதிப்பீடு என்பது ஒரு நாள் சோதனை இல்லை. உங்களிடம் பிரசவத்திலிருந்து கேட்பார்கள்: எப்போது நடந்தது, எப்போது கதைத்தது, வீட்டில் யார் யார், யாரைப் பிரிந்து வந்தீர்கள். சில இடங்களில் பலமும் கஷ்டமும் பற்றிய 25 கேள்விப் படிவம் ஒன்றைப் பெற்றோரிடமும் ரீச்சரிடமும் தருவார்கள். தமிழிலும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ஆறு வயதுக்கு மேல் என்றால் நுண்ணறிவுச் சோதனையும் வரலாம். அதன் எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்து அளந்த அளவுகோல் அது; கதிரை தெரியாத பிள்ளைக்குச் சொற்கள் கேட்கும் பகுதியில் புள்ளி குறையும், புத்தி குறைவதில்லை. "எந்த மொழியில் செய்தீர்கள், பிள்ளை வந்து எத்தனை மாதம் என்று அறிக்கையில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, பிறகு அலைந்தேன்.

வைத்தியர் சிங்களம் கதைப்பவர் என்றால் மொழிபெயர்க்க ஒரு பெரியவர் வேண்டும். அக்காவையோ அண்ணாவையோ அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். தம்பியைப் பற்றி அம்மா அழுதபடி சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லக் கூடாது.

சிகிச்சை என்றால் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு நாம் வெளியே இருப்பது என்றுதான் நானும் நினைத்தேன். பாதி நேரம் எங்களைத்தான் இருக்க வைத்தார்கள். வந்த புதிதில் மகனின் அப்பாவும் நானும் காணிப் பத்திரத்துக்காகச் சண்டை பிடித்த சத்தமெல்லாம் அந்த அறையில் வெளியே வந்தது. அப்பாவையும் கூட்டிப் போங்கள், "வேலை" என்று தப்பிக்க விடாதீர்கள். அம்மம்மா கோயிலில் நூல் கட்டினால் கட்டட்டும், கிளினிக் கொப்பி தொலையாமல் இருந்தால் போதும்.

சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. எட்டு முதல் பதினான்கு வயது. ஒரு பகுதிக்குத் தங்கள் கதையை முறைப்படி சொல்ல வைக்கும் சிகிச்சை, மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறே அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பகுதியிலும் பெரும்பாலானவர்கள் தேறியிருந்தார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: தனியார் இடம் ஒன்றில் முதல் நாளே இருபது அமர்வுக்குக் காசு கட்டச் சொன்னார்கள், நானும் பாதி கட்டினேன். எத்தனை அமர்வுக்குப் பிறகு எதைப் பார்த்து முன்னேற்றம் என்பீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

"விசர் ஆஸ்பத்திரிக்கா போறீங்கள்?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கிளினிக் என்று சொன்னால் போதும், மீதி அவர்களுக்குத் தேவையில்லை.

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் இருந்து வருபவர்கள் விடியவே வெளிக்கிடுங்கள், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு. பசியில் இருக்கும் பிள்ளையிடம் செய்யும் சோதனை பசியைத்தான் அளக்கும். கடற்கரைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். ஒரு மிஸ் உன்னோடு கதைப்பார், படம் காட்டுவார், ஊசி இல்லை என்று முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்.