சிலுவை மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள்: விமானப்படைப் பதக்கம் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பதக்கம் சேர்க்க ஆரம்பித்தவர்கள் படம் அனுப்பி, "இது யாருடையது என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் விமானப்படைப் பதக்கங்கள். எங்கே சறுக்கினார்கள் என்பது படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், ஏனென்றால் என் தலைமுறை சறுக்கிய அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதே, போலியைப் பார்த்து ஏமாறாதே என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சிலுவையை மட்டும் வாங்குவது

சிலுவை வடிவ வீரப்பதக்கமான டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் கிராஸ், சுருக்கமாக டி.எஃப்.சி., 1918 ஜூன் 3 அன்று உருவாக்கப்பட்டது. அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் அது. சார்ஜென்ட் போன்ற மற்றவர்களுக்கு டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் மெடல், அதாவது டி.எஃப்.எம். டி.எஃப்.எம். பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். டி.எஃப்.சி.யில் பெயரே கிடையாது. இரண்டாம் உலகப்போர் காலத்துச் சிலுவையின் பின்புறம், கீழ்க்கையில் வருடம் மட்டும் இருக்கும். 1943, 1944, அவ்வளவுதான். அந்தப் போரில் 20,000-க்கும் மேற்பட்ட டி.எஃப்.சி. கொடுக்கப்பட்டன. ஆகவே 1944 என்று பொறித்த சிலுவை ஆயிரக்கணக்கானவர்களில் யாருடையதாகவும் இருக்கலாம். கூடவே வரும் 1939–45 ஸ்டார் முதலிய போர்ப் பதக்கங்களிலும் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்கவில்லை.

அப்படியானால் ஆளை எதை வைத்துச் சொல்வது? பறத்தல்களை அவரே எழுதி வைத்த லாக் புக், அரண்மனையிலிருந்து பதக்கத்தோடு வந்த கடிதம், பதக்கங்களைத் தபாலில் அனுப்பிய சின்ன அட்டைப்பெட்டி, சீருடையில் எடுத்த படம். பெற்றவரின் வீட்டை விட்டு வரும்போது இவை எல்லாம் ஒன்றாகத்தான் வருகின்றன. பிரிப்பது வியாபாரி.

எனக்கு இன்னும் ஆறாத கதை ஒன்று. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் நேவிகேட்டராக இருந்தவரின் பொருள்கள் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர் ஏலத்துக்கு வந்தன. சிலுவை, ஸ்டார்கள், லாக் புக், மார்பில் தைக்கும் ஒற்றை இறக்கைச் சின்னம், கடிதக் கட்டு, எல்லாம் ஒரே லாட். ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்தார். லாக் புக் அவர் இருந்த ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவை) மட்டுமே சேர்க்கும் ஒருவரிடம் போனது, இறக்கை சீருடை சேர்ப்பவரிடம். கடிதங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. சிலுவையை வாங்கிய பையன் என்னிடம் வந்தான். "நேவிகேட்டருடையது சார், முப்பது ரெய்டு முடித்தவராம், வியாபாரி சொன்னார்" என்றான். எழுதித் தந்தாரா என்று கேட்டேன். இல்லை. லாக் புக் இருந்ததே, அதை ஏன் விட்டாய் என்றேன். விலை அதிகம், பதக்கம்தானே முக்கியம் என்றான்.

பிரித்து விற்றால் வியாபாரிக்குக் கூட்டுத்தொகை கூடும், அது புரிகிறது. "சிலுவை மட்டும் கிடைக்குமா?" என்று கேட்கும் ஆள் இருப்பதால்தான் அவர் பிரிக்கிறார் என்பதைப் புதியவர்கள் யோசிப்பதில்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான். அந்தப் பையன் நாளைக்கே லாக் புக்கைத் தேடிப் பிடித்து வாங்கிச் சேர்த்தாலும் பயனில்லை. லாக் புக் அந்த நேவிகேட்டருடையது என்பது நிச்சயம். ஆனால் பக்கத்தில் வைத்திருப்பது அவருடைய சிலுவைதான் என்று எப்படி நிரூபிப்பான்? எந்த 1944 சிலுவையை வைத்தாலும் பொருந்துமே. இதே காரணத்தால் ஒரே லாக் புக்கின் கதையைச் சொல்லி இரண்டு, மூன்று சிலுவைகளைக்கூட விற்கலாம். அப்படி விற்கப்பட்டவற்றைப் பார்த்திருக்கிறேன்.

மொத்த செட்டுக்குப் பணம் இல்லையா? சரி, வேறு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் வீரர்களின் போர்ப் பதக்கங்களில் பெயரும் எண்ணும் பொறித்தே கொடுத்தன. வீரப்பதக்கம் இல்லாத சாதாரண ஆஸ்திரேலிய விமானியின் செட் விலை குறைவு, ஆள் யார் என்பதில் சந்தேகமும் இல்லை. அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் போர்க்காலப் பணிக் கோப்புகள் பலவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறது. கையில் அனாதைச் சிலுவை இருப்பதைவிட, பெயர் தெரிந்த ஒரு வயர்லெஸ் ஆபரேட்டரின் மூன்று பதக்கங்கள் இருப்பது எவ்வளவோ மேல்.

முழு செட் வாங்கினீர்களானால், பழைய ஏலப் பட்டியலின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் வரும்படி எடுத்து வையுங்கள். ரிப்பன் நைந்திருந்தாலும் மாற்றாதீர்கள். ஏலப் படத்தில் இருப்பது இதுதான் என்று காட்ட அந்த நைந்த ஓரம்தான் சாட்சி.

ஒரே பெயர், ஒரே ஆள் என்று நினைப்பது

பெயரை வைத்துத் தேடாதீர்கள், சேவை எண்ணை வைத்துத் தேடுங்கள். ஜோன்ஸ், ஸ்மித் என்று தேடினால் ஒரே ஸ்குவாட்ரனில் இரண்டு பேர் நிற்பார்கள். இதற்கு நேர்மாறான வம்பும் உண்டு. சார்ஜென்டாக இருந்து டி.எஃப்.எம். வாங்கியவர் பிறகு அதிகாரியானால் அவருக்குப் புது எண் கிடைக்கும். அதன்பின் டி.எஃப்.சி. வாங்கினால் அது புது எண்ணில் பதிவாகும். இரண்டு எண்ணைப் பார்த்ததும் இரண்டு ஆள் என்று முடிவுகட்டி, டி.எஃப்.எம்.மை வேறு எவருடையதோ என்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள். அதிகாரி நியமனம் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வந்திருக்கும், பழைய எண்ணும் புது எண்ணும் பெரும்பாலும் அங்கேயே சேர்ந்து கிடைக்கும்.

"கடைசி ரெய்டில் இறந்ததற்காகக் கொடுத்தது"

இந்த வரியைக் கேட்டாலே விலகி நில்லுங்கள். அன்றைய விதிப்படி, எதிரியோடு மோதிய வீரத்துக்காக இறந்தபின் கொடுக்கக்கூடியவை விக்டோரியா கிராஸும், மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ் எனப்படும், போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடுவதும் மட்டுமே. டி.எஃப்.சி.க்கு அந்த விதி 1979-ல்தான் மாறியது. 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளைத் தாக்கப் போன 617 ஸ்குவாட்ரனின் 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். பதக்கம் கிடைத்த 34 பேரும் திரும்பி வந்தவர்கள். ஏற்கெனவே டி.எஃப்.சி.யை இரண்டு முறை வாங்கியிருந்த விமானி ஹாப்குட் அன்றிரவு இறந்தார். அந்த ரெய்டுக்காக அவருக்கு எதுவும் இல்லை.

சாவுக்குப் பிறகு கெஜட்டில் பெயர் வந்த டி.எஃப்.சி.கள் உண்டுதான். உயிரோடு இருந்தபோதே பரிந்துரை போயிருக்கும், அச்சாக நாளாகியிருக்கும். அதில் விருது எந்தத் தேதியிலிருந்து என்று குறித்திருப்பார்கள். அந்தத் தேதி இறந்த நாளுக்கு முந்தையதா என்று பாருங்கள்.

ஏர் க்ரூ யூரோப் ஸ்டாரும் பிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டாரும் ஒரே செட்டில்

இந்த இரண்டு போர்ப் பதக்கங்களும் ஒருவருக்குச் சேர்ந்து இருக்கவே முடியாது. முதலில் தகுதி பெற்ற ஸ்டார் ஒன்றுதான், இரண்டாவதற்கு அதன் ரிப்பனில் கிளாஸ்ப் என்ற சின்ன உலோகப் பட்டை.

1943 தேதியிட்ட தாளில் "ராயல் இந்திய விமானப்படை"

ராயல் என்ற அடைமொழி 1945 மார்ச்சில்தான் வந்தது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் ஊர் ஆட்கள் இந்திய விமானிகளின் பதக்கத்தைத் தேடுவது இயல்புதான். ஆனால் அந்தப் போரில் டி.எஃப்.சி. வாங்கிய இந்திய விமானப்படைக்காரர்கள் மிகச் சிலர். இரண்டு முறை வாங்கிய மஜும்தார், 1944-ல் வாங்கிய அர்ஜன் சிங் என்று பெயர்கள் பதிவில் இருக்கின்றன. பெயரில்லாத சிலுவையை "இந்திய விமானியுடையது" என்று விற்க வந்தால், எந்த விமானி என்று கேளுங்கள். பதில் வராது.

கெஜட்டோடு நிறுத்திக்கொள்வது

பலர் கெஜட்டில் பெயரைக் கண்டதும் ஆராய்ச்சி முடிந்தது என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். டி.எஃப்.சி. வாங்கிய பலருக்கு கெஜட்டில் பெயர், எண், ஸ்குவாட்ரன் தவிர வேறொன்றும் அச்சாகவில்லை. விஷயம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பரிந்துரைகள் ஏர் 2 வரிசையில், ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடுகள் ஏர் 27 வரிசையில். பரிந்துரை கிடைத்துவிட்டால் எத்தனை ரெய்டு, எத்தனை மணி நேரம் பறந்தார், எந்தெந்த இலக்கு என்பதெல்லாம் அதில் இருக்கலாம்.

பதிவேட்டில் படிவம் 540 மாதச் சுருக்கம். அதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். படிவம் 541-ல்தான் ஒவ்வொரு விமானத்தின் குழுவினர் பெயரும் கிளம்பிய நேரமும் திரும்பிய நேரமும் இருக்கும். லாக் புக்கில் சிவப்பு மையில் எழுதிய இரவுப் பறத்தல்களை அதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஐந்து, பத்து நிமிடம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். ஒரு தேதியில் குழுவினர் பட்டியலில் நம் ஆளே இல்லை என்றால், முதலில் மாற்று நேவிகேட்டராக வேறு குழுவோடு போயிருக்கிறாரா என்று அதே இரவின் மற்ற பெயர்களையும் பாருங்கள். சந்தேகம் அப்புறம்.