அம்பாசடரில் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் பொருத்துவது எப்படி

1489 சிசி அம்பாசடர், எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர். கோடையில் சூடாக நிறுத்திவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். எஞ்சினில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுவதால், சூட்டில் அந்த லைனுக்குள் ஆவி கட்டிக்கொள்கிறது. டேங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் வைத்து பெட்ரோலைப் பின்னாலிருந்து தள்ளினால் இது வெகுவாகக் குறையும்.

12 வோல்ட், 2 முதல் 3 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் பம்ப் வாங்குங்கள். இன்ஜெக்‌ஷன் பம்ப் கூடவே கூடாது. அதன் அழுத்தத்தை கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும். சுழலும் ரோட்டரி பம்பைவிட டிக்டிக் என்று அடிக்கும் சதுர பம்ப்தான் நல்லது. லைன் நிறைந்ததும் அடி தளர்வதைக் காதாலேயே கேட்கலாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டேங்க் அருகில், அதன் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழேயோ, சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளி, ரப்பர் புஷ் வைத்து பம்பை மாட்டுங்கள். ஃபில்டர் பம்புக்கு முன்னால். ஹோஸ் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்தில் இருக்கட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி வெடிக்கும்.

இனி வயரிங். நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். சாவியிலிருந்து நேராக பம்புக்கு வயர் கொடுக்காதீர்கள். விபத்தில் எஞ்சின் நின்றாலும் சாவி ஆனில்தான் இருக்கும். அறுந்த லைன் வழியே பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடும்போதுதான் ஆயில் பிரஷர் இருக்கும். அது இருந்தால் மட்டும் பம்ப் ஓடும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வையுங்கள்.

ரிலேயின் முனைகளில் எண்கள் இருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக வயர். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். 87 பம்புக்கு. 85 பாடியில், பெயின்ட் சுரண்டிய இரும்பில். 86-க்கு சாவி லைன், ஆயில் சுவிட்ச் வழியாக. இருக்கும் ஆயில் லைட் சுவிட்ச் இதற்கு உதவாது: பிரஷர் இல்லாதபோதுதான் அது இணையும், நமக்கு நேர்மாறாக வேண்டும். மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்ச் வாங்கினால் லைட்டும் எரியும், பம்பும் ஓடும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் இருக்காதே? அதற்காக செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சோலனாய்டின் சிறிய வயரிலிருந்து 86-க்கு இன்னொரு வயர். இதில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு கட்டாயம், வெள்ளைக் கோடு போட்ட முனை ரிலே பக்கம். டயோடு இல்லாவிட்டால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் திரும்பிப் போய் செல்ஃபையும் இயக்கிவிடும். செல்ஃபின் பினியன் பல் தேய்ந்து போகும்.

பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் இணைந்த) வண்டி என்றால் அதற்கேற்ற பம்ப்தான் வேண்டும். சாதாரண டிரான்சிஸ்டர் பம்புக்கு பாசிட்டிவ், நெகட்டிவ்வை மாற்றிக் கொடுத்தால் எரிந்துவிடும். டயோடின் திசையும் தலைகீழாகும்.

பழைய பம்பை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. அதற்குள் இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் தகடு) கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். கழற்றிவிட்டு 5 மிமீ தகடும் பேக்கிங்கும் வைத்து மூடுங்கள்.

கடைசியாக, கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, பம்புக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் வர வேண்டும். குறைந்தால் முதலில் ஃபில்டரையும், பிறகு எர்த் வயரையும் பாருங்கள்.