ஒரே 'பிளெமிஷ்', ஸ்பானிஷில் ஏழெட்டுச் சொல்

முகப்பரு, ஆப்பிள் தோலில் விழுந்த வடு, ஒருவரின் நற்பெயரில் படிந்த களங்கம் என எல்லாவற்றையும் ஆங்கிலம் 'பிளெமிஷ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஸ்பானிஷ் அப்படியல்ல, குறை எதில் இருக்கிறது என்று கேட்டுத்தான் சொல்லைத் தரும். நமக்கு இது புதிதில்லை. இயந்திரத்தில் பழுது, துணியில் கறை, பெயரில் களங்கம், இலக்கணத்தில் வழு என்று பிரித்துத்தானே பேசுகிறோம்? ஆனாலும் மொழிபெயர்க்கும்போது பலர் அகராதியில் முதலில் தென்படும் 'மான்ச்சா'வை எடுத்து எங்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

மான்ச்சா என்பது கறை, நிறம் மாறிய திட்டு. பருவுக்கான களிம்பின் உறையில் அதை அச்சிட்டால், வாங்குபவர் வெயிலால் வரும் கருந்திட்டுகளுக்கான மருந்து என்றே நினைப்பார். பரு என்றால் 'கிரானோ'. பரு, தழும்பு எல்லாவற்றையும் பொதுவாகச் சுட்ட அழகுப்பொருள் உறைகளில் வழங்கும் சொல் 'இம்பெர்ஃபெக்சியோனெஸ்'. அங்கே 'டெஃபெக்தோ' போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. பொருளின் குறைக்கும் குணத்தின் குறைக்கும் அது நல்ல சொல், முகத்துக்குக் கடுமையானது.

தையல் பிசகிய சட்டைக்கு 'தாரா' உண்டு. அதிலிருந்து வந்த 'தாராதோ'வை ஒரு மனிதர்மேல் வைத்தால் அது வசை. களங்கமில்லாத பணிக்காலத்துக்கு 'சின் தாச்சா' கச்சிதமாகப் பொருந்தும்.

மிகவும் கவனம் வேண்டிய சொல் 'ஃபாயோ'. இயந்திரக் கோளாறை ஸ்பெயினில் இப்படிச் சொல்வார்கள்; லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் 'ஃபாயா' என்பார்கள். ஆனால் நீதிமன்றச் செய்தியில் ஃபாயோ என்றால் தீர்ப்பு. 'எல் ஃபாயோ தெல் ஹுவெஸ்' என்ற தொடரை நீதிபதியின் தவறு என்று எழுதிவிட்டால், தீர்ப்பு வழங்கியவர்மேல் பழி சுமத்தியதாகிவிடும்.

சட்ட ஆவணத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'விசியோ' என்றால் கெட்ட பழக்கம் என்று படித்திருப்போம். வீடு வாங்கிய வழக்கில் 'விசியோஸ் ஒகுல்தோஸ்' என்று வந்தால், விற்றவரின் ரகசியப் பழக்கங்களைத் தேட வேண்டாம். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் மறைந்திருந்த குறைகள் அவை.