முறுக்கானில் போயிலையை நிறுத்துவது எப்படி

பீடி, சிகரெட் பக்கமே போகாதவர்கள்கூட முறுக்கானோடு (வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு) ஒரு துண்டு போயிலையை, அதாவது புகையிலையை, ஒதுக்கிக்கொண்டு, ‘நான் புகைப்பதில்லையே’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சுண்ணாம்பு சேர்ந்ததும் போயிலையின் நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியே வேகமாக ரத்தத்தில் ஏறும். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் அதே இடத்தில் மணிக்கணக்கில் ஊறிக்கிடக்கும். எந்தக் கொடுப்பில் (கன்னத்தின் உள்பக்கத்தில்) ஒதுக்குகிறீர்களோ, பெரும்பாலும் அங்கேதான் புண் தொடங்கும்.

ஆகவே முதலில் வாயைப் பாருங்கள். நன்றாகக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் போன் டார்ச்சை அடித்து, கன்னத்தை விரலால் இழுத்து உள்ளே பாருங்கள். நாக்கை வெளியே நீட்டி இரு ஓரமும், மேலே தூக்கி அடியிலும் பார்க்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, தடிப்பு, 2 வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் காட்ட வேண்டியதுதான். சிவப்புப் படை அதைவிட ஆபத்து. வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. அடுத்து நடு மூன்று விரல்களையும் நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு நடுவே விடுங்கள். நுழையவில்லை என்றாலோ, மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) தொட்டுக்கொள்ளும் மீன்கறி முன்னைவிட எரிகிறது என்றாலோ உள்தோல் நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். இது பாக்கின் வேலை. போயிலையை மட்டும் விட்டு வெறும் பாக்குக்கு மாறினால் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. சந்தேகம் எதுவானாலும் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்.

நிறுத்தும் நாளைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். மேற்குக் கரையில் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்லது. கடலில் தூக்கத்தை விரட்டப் போடும் போயிலைக்குக் கரையில் தேவை இல்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் நாட்கள். முந்தைய நாளே வெற்றிலைச் செல்லத்தை வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். ஆனால் முறுக்கான் போட்டுப் பழகியவர்கள்தான் இதைத் தப்பாகச் சவைக்கிறார்கள். பாக்கைப் போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கல், குமட்டல் வரும். மருந்தும் வயிற்றுக்குள் போய் வீணாகும். மெதுவாக மெல்லுங்கள், காரமாக விறுவிறுத்ததும் நிறுத்திக் கொடுப்பில் ஒதுக்குங்கள். விறுவிறுப்பு அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு. ஒரு துண்டு இப்படி 30 நிமிடம் வரும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காப்பி, சோடா, எலுமிச்சை குடிக்கக் கூடாது. புளிப்பில் நிக்கோட்டின் வாயில் உறிஞ்சப்படாது. முதல் 6 வாரம் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. எழுந்த அரை மணிக்குள் போயிலை தேடுகிறவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம். 4 மில்லிகிராம் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், வாய் திறக்க முடியாதவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது.

முதல் 3 நாள்தான் கடுமை. ஆசை எழும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் அடங்கிவிடும். அதற்குக் கிராம்பு, சுக்கு, பெருஞ்சீரகம் வாயில் போட்டுக்கொள்ளலாம். பலர் தோற்பது ஆசையால் அல்ல, மலச்சிக்கலால். காலையில் போயிலை போட்டால்தான் வயிறு இளகும் என்று பழகிய குடல் சில வாரம் மக்கர் செய்யும். இரவில் இரண்டு மட்டி வாழைப்பழம், எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ஒரு நடை.

இடையில் ஒருநாள் போட்டுவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அன்றைய சூயிங்கத்தை விடாமல் தொடருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் போயிலையை நிறுத்த உதவும் எண் 1800 11 2356, கட்டணம் இல்லை. போயிலைப் பாக்கெட்டிலேயே இருக்கும் எண்தான். கடையில் நறுக்கித் தரும் துண்டில் அது இருக்காது, அதனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகும் மாதம் ஒருமுறை கண்ணாடி, டார்ச், மூன்று விரல்.