கீரைக்கு மண்ணைத் தொடுங்கள், அடீனியத்துக்குத் தண்டை அமுக்குங்கள்

மாடியில் கீரையும் அடீனியம் என்ற பூச்செடியும் வைத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே கையோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம். கீரைக்கு மேல் மண் காய்ந்ததும் ஊற்றலாம். அடீனியத்துக்கு, உப்பியிருக்கும் அடித்தண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிடலாம். லேசாக அமுங்கி, மண்ணும் முழுக்கக் காய்ந்திருந்தால் அன்றைக்கு ஊற்றுங்கள்.

சிறுகீரையிடம் சேமிப்பு கிடையாது, ஒரு நாள் வெயிலுக்கே தலை சாய்ந்துவிடும். அடீனியம் அரேபியா, ஆப்பிரிக்கா பக்கத்து வறண்ட நிலச் செடி. அந்தப் பருத்த தண்டுதான் அதற்குத் தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்திருக்கும்போது மண்ணும் ஈரமாகவே கிடந்தால் வேர் அழுகிவிடும்.

மண் ஈரமாக இருந்தும் தண்டு கொழகொழவென்று அமுங்கினால் அது தாகமில்லை, அழுகல். ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். விதையிலிருந்து வந்த சின்னக் கன்றுகளுக்கு இந்தச் சோதனை சரிவராது. தண்டு இன்னும் பருக்கவில்லை, மண்ணைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். அப்புறம், அடீனியத்தின் பால் விஷம். கீரைத் தொட்டிக்கு மேலே வைத்துக் கிளை வெட்டாதீர்கள்.